43 கெண்டிச் செடிகள்

உயர்தர வகுப்பில் உயிரினப் பல்வகைமை பாடம் நடந்துகொண்டிருந்தது. அழிவாபத்து வகைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், இந்தச் செடிகளில் எது கொழும்பில் இருக்கிறது? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். 17 ஆண்டுகளாக அந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைப் பட்டியலிடும் செந்தரவுப் புத்தகத்தில் உள்ள செடி ஒன்றையாவது அதுதான் என்று தெரிந்து நான் தொட்டதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. வெள்ளவத்தை வீட்டு அலமாரியில் சேற்றுக் கறை படிந்த ஏழு கொப்பிகள் இருக்கின்றன. அவற்றில் அடித்துத் திருத்தாத பக்கம் குறைவு. தங்கள் ஊரில் உள்ள சுதேசச் செடிகளில் எது அரியது, எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று கணக்கெடுக்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பிழை பெயரில் நேர்ந்தது. பெத்தகானவிலும் தியசரு பூங்காவிலும் அத்திடியப் பக்கத்து வாய்க்கால்களிலும் ஊதா நிற அல்லி பூத்திருந்தது. விகாரை வாசலில் பூத்தட்டுகளில் அடுக்கி விற்கிறார்களே, அதே பூ. நீலோற்பலம் என்று எழுதிக்கொண்டோம். 1986 ஆம் ஆண்டு தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ ஆயிற்றே, பிள்ளைகளுக்குப் பெருமிதம். 11 குளங்களில் பதிவு செய்தோம். 'பரவலாக உண்டு' என்று முடிவும் எழுதினோம். படங்களைப் பார்த்த தாவரவியலாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: அடர்ந்த ஊதாவில் பெரிதாகப் பூப்பது வெளியிலிருந்து வந்த கலப்பினம், நம்முடைய நிம்பேயா நௌச்சாலி வெளிறிய நீலம், பல வேளை வெள்ளை என்றே சொல்லலாம், பூவும் சிறியது. 11 பதிவுகளும் போயின. உண்மையான நீலோற்பலத்தைப் பிறகு ஒரே ஒரு வயல் வாய்க்காலில் கண்டோம். அதன் மேல்வாய்க்காலில் ஊதாக்காரி ஏற்கெனவே வந்து குடியேறியிருந்தாள்.

இதில் நான் கண்டது இதுதான். பெயர் பிழைத்தால் மீதிக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அதுவும் ஆபத்தான பக்கமாகப் பிழைக்கும். பரவலாக இருக்கும் வெளிச் செடி, அருகிவரும் நம் செடியின் பெயரைச் சுமந்துகொண்டு, 'கவலை இல்லை' என்ற சான்றிதழை அதற்கு வாங்கிக்கொடுத்துவிடும். இப்போது ஒரு செடிக்கு ஐந்து படங்களாவது எடுக்கிறோம்: முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூவை நேராக, பூவைப் பக்கவாட்டில். ஐயம் இருந்தால் பெயரை எழுதுவதில்லை. 'அல்லி வகை, உறுதியில்லை' என்று எழுதி வைத்த பக்கம் பிற்காலத்தில் பயன்படும். துணிந்து எழுதிய பிழையான பெயர் பயன்படாது.

தமிழ்ப் பெயரை மட்டும் நம்புவதிலும் இதே ஆபத்து உண்டு. புறக்கோட்டை கேபோஸ் லேனில் மூலிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தெந்தச் செடிகள் சந்தைக்கு வருகின்றன என்று அறிய அங்கே போனேன். முதியவர் ஒருவரிடம் நிலவேம்பு இருக்கிறதா என்று கேட்டேன். "பிள்ளை, நீங்கள் கேட்பது எந்த நிலவேம்பு?" என்றார். இரண்டு பொட்டலங்களை மேசையில் வைத்தார். ஒன்று சிங்களவர் பிங்கொஹொம்ப என்று சொல்லும் முன்ரோனியா. காட்டு நிழலில் ஓர் அடிக்கும் குறைவாக வளரும் சிறு செடி, விலை அதிகம். மற்றது ஹீன் பிங்கொஹொம்ப எனப்படும் அந்திரோகிராபிஸ். சித்த மருத்துவத்தில் நிலவேம்பு என்றால் இதுதான், வயலோரத்திலும் பயிராகவும் கிடைக்கும். முன்ரோனியா கிடைக்காதபோது இதைக் கொடுப்பதுண்டு என்றார். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர். 'நிலவேம்பு, ஏராளம்' என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தால் அது காட்டில் உள்ள முன்ரோனியாவுக்குச் செய்த துரோகமாக இருந்திருக்கும். அன்று முதல் எங்கள் கொப்பியில் ஊர்ப் பெயர், சிங்களப் பெயர், அறிவியற் பெயர் மூன்றும் இருக்கும்.

நான் புறப்படும் வேளையில் அந்த ஐயா உள்ளே போய் மரமஞ்சள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். வெட்டு முகம் பளிச்சென்ற மஞ்சள். நடுவிலிருந்து சக்கரத்து ஆரங்களைப் போலக் கோடுகள். என் பெருவிரல் பருமன்தான் இருந்தது. "என் தகப்பனார் காலத்தில் கைப்பருமனுக்கு வரும். இப்போது இதுதான் வருகிறது" என்றார். ஒரு வியாபாரி போகிற போக்கில் சொன்ன அந்த வாக்கியம் ஓர் ஆய்வுத் தரவுக்கு நிகரானது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மரமஞ்சள் தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கூட வளரும் கொடி. பரப்பளவை மட்டும் பார்த்தால் அரியது என்று சொல்ல வராது. ஆனால் முதிர்வதற்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் கொடியை முதிருமுன் வெட்டுகிறார்கள் என்பதைத் துண்டின் பருமனே சொல்லிவிடுகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) அளவுகோல்களில் முதலாவது இதைத்தான் கேட்கிறது: பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீண்டதோ அதற்குள், எவ்வளவு குறைந்திருக்கிறது? 30 விழுக்காடு குறைந்தாலே பாதிப்புறக்கூடிய இனம். 50 என்றால் ஆபத்துக்குள்ளானது. 80 என்றால் மிகவும் ஆபத்துக்குள்ளானது. இன்றைக்கு எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதைப் போலவே எந்த வேகத்தில் போகின்றன என்பதும் கணக்கு.

'அரிது' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் அதை ஒற்றைப் பொருளில் பயன்படுத்துகிறோம். டெபோரா ராபினோவிட்ஸ் என்ற சூழலியலாளர் 1981 ஆம் ஆண்டு அதை மூன்று கேள்விகளாகப் பிரித்தார். எவ்வளவு பரந்த நிலத்தில் வளர்கிறது? எல்லா வகை இடத்திலும் வளருமா, குறிப்பிட்ட வகை இடத்தில் மட்டுமா? வளரும் இடத்தில் கூட்டமாக இருக்கிறதா, தனித்தனியாகவா? மூன்றுக்கும் இரண்டிரண்டு விடை என்றால் எட்டுச் சேர்க்கைகள். ஒன்று பரவலான செடி. மற்ற ஏழும் ஏழு விதமான அரிது. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்கள அருகே உள்ள வத்துரான நன்னீர்ச் சதுப்புக் காட்டில் ஸ்டெமோனோபோரஸ் மூனியை என்ற மரம் இருக்கிறது. உலகத்தில் அதற்கு அந்தச் சதுப்புக்காடு ஒன்றுதான் வீடு. மரமஞ்சள் பல நாடுகளில் இருந்தும் குறைந்துகொண்டே போகிறது. இரண்டையும் 'அரிது' என்ற ஒரே பெட்டியில் போட்டால் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிடுவோம். முன்னதற்கு வேண்டியது அந்த நீரோட்டம் மாறாமல் காப்பது. பின்னதற்கு வேண்டியது அறுவடைக் கட்டுப்பாடும் வளர்ப்பும்.

இது தெரியாத முதல் ஆண்டில், அத்திடியப் பக்கத்துக் குட்டை ஒன்றில் மஞ்சள் பூவோடு மிதந்த சிறு நீர்ச்செடியை எங்கள் பட்டியலின் முதலிடத்தில் வைத்திருந்தேன். யூட்ரிக்குலேரியா ஓரியா, தண்ணீருக்குள் நுண்ணிய பைகளால் பூச்சி பிடிக்கும் செடி. 14 இடங்களில் தேடி ஒரே இடத்தில் கண்டதால் அது எங்களுக்குப் பொக்கிஷமாகத் தெரிந்தது. உண்மையில் அது இந்தியா முதல் அவுஸ்திரேலியா வரை பரந்து வளர்கிறது. என் நடைபாதையில் அரிது, உலகத்தில் அரிதல்ல. அதைக் காக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழும்பின் குட்டைகளில் அது குறைந்து வருகிறது என்றால் அந்தக் குட்டைகளுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி ஒன்று அதே மாவட்டத்தில் அழிந்துகொண்டிருக்கும்போது, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். உள்நாட்டுக்குரிய இனம் இங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்தது என்று பொருள். இந்த வேறுபாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவள் நான். களத்தில் நிற்கும்போது மறந்துவிட்டேன்.

இதன் மறுபக்கத்தையும் கொழும்பிலேயே பார்க்கலாம். அலங்கார மீன் விற்கும் கடைகளில் கிரிப்டோகொரைன் என்று ஒரு நீர்ச்செடியைத் தொட்டியில் வைத்திருப்பார்கள். வெண்டியை, பெக்கெற்றியை முதலிய பல இனங்கள் இலங்கைக்கு மட்டுமே உரியவை. உலகமெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கின்றன. யாரோ தொட்டியைக் கொட்டியதில் பெக்கெற்றியை அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றில் பரவி, அங்கே அதை ஆக்கிரமிப்பு இனமாகப் பிடுங்க வேண்டியதாயிற்று. இத்தனையும் சேர்ந்தாலும் நம் ஓடைகளில் உள்ள செடியின் கணக்கில் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. காட்டில், தன் சொந்த நிலத்தில் உள்ளதை மட்டும்தான் எண்ண வேண்டும்.

இரண்டாம் ஆண்டு நாங்கள் கற்றது, காணாததை எழுதும் முறை. 'காணவில்லை' என்று கொப்பியில் எழுதியிருக்கும். எவ்வளவு நேரம் தேடினோம், எத்தனை பேர், எந்த மாதம், மழைக்கு முன்பா பின்பா என்று ஒன்றும் இருக்காது. தண்ணீர் வடிந்த பின் சில கிழமைகள் மட்டும் தலைகாட்டும் செடியை வெள்ளத்தில் போய்த் தேடிவிட்டு இல்லை என்று எழுதுவது பொய் சாட்சி. இப்போது இரண்டு மணித்தியாலம், நான்கு பேர், ஒரே வழித்தடம், ஆண்டுக்கு மூன்று முறை என்று வைத்திருக்கிறோம். வெறுங்கையோடு திரும்பிய நாளுக்கும் முழுப் பக்கம் எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருந்தது. ஆனால் குறைந்துவிட்டது என்று நாளைக்கு நிறுவ வேண்டுமானால் அந்த வெற்றுப் பக்கங்கள்தான் ஆதாரம்.

பழைய பதிவுகளைத் தேடிப் பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்துக்கும் போனேன். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இலை இன்னும் நரம்பு தெரியக் கிடக்கிறது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவைப் பொறுப்பில் வைத்திருந்த த்வெய்ற்ஸ் தன் மாதிரிகளுக்கு 'சி.பி.' என்று இலக்கம் கொடுத்தார். அந்த இலக்கம் ஓர் இனத்துக்கு உரியது. ஒரே இடத்தில் ஒரே நாளில் பறித்ததற்கு உரியது அன்று. ஒரே இலக்கத்தின் கீழ் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் பறித்தவை கலந்திருக்கும். நான் அதை அறியாமல் ஓர் இலக்கம் ஓர் இடம் என்று வரைபடத்தில் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தேன். அங்கிருந்தவர் ஒருவர் தடுத்தார். பழைய புள்ளிகள் குறைவாக இருந்தால் செடி அன்றும் அரிது என்று தோன்றும். அதிகமாக இருந்தால் இன்று பெரிதாகக் குறைந்துவிட்டது என்று தோன்றும். இரண்டும் தாளின் குணம். செடியின் குணம் அல்ல.

இனி அந்த 43 செடிகளுக்கு வருகிறேன்.

களனிவெளி ரயிலில் நுகேகொடையில் ஏறி, மகரகமை, ஹோமாகம, பாதுக்க தாண்டிப் போனால், கொழும்பு மாவட்டத்தின் கிழக்கு முனையில் நிலம் மேடும் பள்ளமுமாக மாறும். இறப்பர் தோட்டங்களுக்குக் கீழே கைவிடப்பட்ட வயல்கள். எந்த நிலையத்தில் இறங்கினோம் என்று எழுதமாட்டேன். காரணம் பின்னால் வரும். மாணவன் ஒருவனுடைய நண்பனின் ஆச்சி வீடு அங்கே இருந்தது. சிங்களத்திலும் ஆச்சி, எங்கள் வீட்டிலும் ஆச்சி. அந்த ஒரு சொல்லே எங்களை உறவாக்கிவிட்டது. "பாந்துரா பார்க்க வந்தீர்களா? சின்ன வயதில் அந்தக் கொடியைத்தான் விறகு கட்ட எடுப்போம்" என்று சொல்லி வரம்போரமாக நடத்திக்கொண்டு போனார்.

பாந்துரா என்பது நெபந்தெஸ் டிஸ்டில்லடோரியா. இலை நுனியில் கெண்டி தொங்கும் கொடி. இலங்கைக்கு மட்டுமே உரியது. ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் பாதிப்புறக்கூடிய இனம். பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக அதை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். முழங்கால் அளவு புல்லுக்குள் குனிந்து முதல் கெண்டியை விரலால் சாய்த்தபோது உள்ளே பாதிக்குத் தண்ணீர் ஆடியது. அடியில் எறும்புகளின் கறுத்த உடல்கள். நடுவே கொசுப்புழு ஒன்று உயிரோடு நெளிந்தது. செரிக்கும் வயிற்றுக்குள் வாழும் உயிர். ஆறு தலைகளும் அந்த ஒரு கெண்டிக்கு மேல் கவிந்து நின்றன.

எண்ணத் தொடங்கினோம். முதல் சுற்றில் 71 என்றான் ஒருவன், 58 என்றாள் இன்னொருத்தி. தண்டுகளை எண்ணியிருந்தார்கள். மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தால் பல தண்டுகள் ஒரே அடியிலிருந்து வந்தவை. அடி ஒன்றுக்கு ஒன்று என்று மறுபடி எண்ணி 43 என்று இரண்டு முறை ஒத்துவந்த பிறகே எழுதினோம். அடுத்தது, முதிர்ந்த செடி எத்தனை? அளவுகோல்கள் கேட்பது இனப்பெருக்கம் செய்யக்கூடியவற்றின் எண்ணிக்கையை. பூவோ பழைய பூத்தண்டோ உள்ளவை 14. அதிலும் ஒரு விடயம் இருந்தது. பாந்துராவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூவில் நடுத் தண்டின் உச்சியில் மகரந்தம் மஞ்சள் உருண்டையாக நிற்கும். பெண் பூவில் அந்த இடத்தில் பச்சைச் சூலகம் பருத்திருக்கும். நான்கு சிறு இதழ்களை விரித்துப் பார்த்து, கைக்கண்ணாடி வைத்து, 14 செடிகளையும் பார்த்து முடித்தோம். 12 ஆண். இரண்டே பெண். பெண் செடிகளின் தண்டில் அடுத்த முறை கண்டுபிடிக்கச் சிவப்பு நூல் கட்டினோம்.

43 என்ற எண் மனதுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு என்ற எண் அந்த நிறைவைக் கலைத்துவிட்டது. ஆண் பெண் விகிதம் இப்படிச் சாய்ந்திருந்தால் முதிர்ந்தவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. ஒரு செடியைக் கணக்கெடுக்கப் போகுமுன் அது எப்படி இனம் பெருக்குகிறது என்று ஒரு பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போயிருந்தால் நாங்கள் 43 என்று எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு ரயில் ஏறியிருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவசரப்பட்டேன். வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கட்டங்கள் போட்டு, செடி இருக்கும் கட்டங்களை எண்ணுவது முறை. எங்களுக்கு வந்தது இரண்டு கட்டம், எட்டுச் சதுர கிலோமீற்றர். பத்துக்குக் குறைந்தால் மிகவும் ஆபத்துக்குள்ளானது என்று அட்டவணையில் இருக்கிறது. 'மிகவும் ஆபத்துக்குள்ளானது' என்று எழுதி, அல்லியைத் திருத்தித் தந்த அதே தாவரவியலாளருக்கு அனுப்பினேன். அவர் மூன்று வரியில் பதில் எழுதினார். அந்தக் கட்டங்கள் நாங்கள் நடந்த இடங்கள். பாந்துரா தென்மேற்குத் தாழ்நிலத்தில் வேறு மாவட்டங்களிலும் இருக்கிறது. வகை என்பது நாட்டில் உள்ள முழு இனத்துக்கும் உரியது, ஒரு காணிக்கு அல்ல. மேலும், பரப்பளவு சிறிது என்பது மட்டும் போதாது. துண்டுபட்டிருத்தல் அல்லது சில இடங்களுக்குள் ஒடுங்கியிருத்தல், தொடர்ந்த வீழ்ச்சி, கடும் ஏற்ற இறக்கம் என்ற மூன்றில் இரண்டையாவது காட்ட வேண்டும். அந்த மின்னஞ்சலை அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் இனத்துக்கு வகை சூட்டும் பொறுப்பை எடுக்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, எதனால் குறைகிறது என்று பிழையில்லாமல் எழுதினால் போதும். 2012 ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் 3154 பூக்கும் தாவரங்களை மதிப்பிட்டு 1385 அச்சுறுத்தலில் உள்ளன என்று சொன்னது. அத்தனைக்கும் களத் தகவல் திரட்ட ஒரு சில நிபுணர்களால் முடியாது. எங்கள் கொப்பிக்கு அங்கேதான் வேலை.

பிறகு நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. அந்த நாளின் மகிழ்ச்சியில் ஒரு படத்தை நான் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். படத்தின் பின்னணியில் பாலமும் பெயர்ப்பலகையும் தெரிந்தன. ஐந்து கிழமைக்குப் பின் நாங்கள் போனபோது ஆச்சி வாசலிலேயே நின்றார். "நீங்கள் அனுப்பிய ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள்" என்றார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. வரம்போரத்தில் 12 குழிகள். மண்வெட்டியால் வெட்டிய ஓரம் இன்னும் கூராக இருந்தது. பெரிய செடிகளாகப் பார்த்துத் தோண்டியிருந்தார்கள். சிவப்பு நூல் கட்டிய இரண்டில் ஒன்று இல்லை; நூலே அதைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். என்னோடு வந்த பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று முதல் அரிய செடியின் இடத்தை எவருக்கும் திறந்து சொல்வதில்லை. கைத்தொலைபேசிப் படத்தில் இடக்குறிப்பு பதிவதை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறோம். பின்னணியில் இலையும் மண்ணும் மட்டும் இருக்கும். துல்லியமான இடம் ஒரு கொப்பியில் மட்டும். வெளியே கொடுக்கும் பதிவில் பிரதேச செயலகப் பிரிவு வரைதான். பளிச்சென்ற நூலுக்குப் பதிலாக, பக்கத்துக் கல்லிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதுகிறோம். காணிக்காரரிடம் எங்கள் பெயரும் முகமும் தெரியும்படி அறிமுகம் செய்துவிட்டு, வேறு யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லி வைக்கிறோம்.

முன்னுரிமை என்ற கேள்வி அப்போதுதான் எங்களுக்கு உண்மையாகவே வந்தது. ஆறு பிள்ளைகள், மாதத்தில் இரண்டு நாள், கையில் பணம் இல்லை. எதற்கு அந்த நாட்களைக் கொடுப்பது? வகைப்படி மேலே இருப்பதற்கு முதலிடம் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் ஆச்சி வீட்டு வேலியில் ஒரு வல்லபட்ட மரம் நின்றது. பட்டையை உரித்துக் கயிறு திரிக்கும் மரம், ஈரவலயத்து வீட்டுத் தோட்டங்களில் எவரும் திரும்பிப் பாராமல் நின்ற மரம். அதன் தண்டில் அகில் போன்ற பிசின் உண்டு என்பது 2012 வாக்கில் கடத்தல்காரருக்குத் தெரிந்த பின், கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வரத் தொடங்கியது. நேற்று வரை பரவலாக இருந்தது என்பது அதைக் காப்பாற்றவில்லை. மறுபுறம், அழிந்துவிட்டது என்று எழுதப்பட்ட குரூடியா சைலானிக்கா என்ற மரம் 2019 ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்துத் தாரலுவவில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி பரவி, நாடே பேசி, மரம் நின்றது. ஒருவர் அடையாளம் கண்டு பெயரை எழுதி வைத்திராவிட்டால் அது இறப்பருக்கும் தென்னைக்கும் நடுவே இன்னொரு மரமாக விழுந்திருக்கும்.

ஆகவே நாங்கள் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் நான்கைக் கேட்கிறோம். வேறெங்கும் இருக்கிறதா? குறைகிறதா? குறைப்பது எது, எவ்வளவு விரைவில்? நம்மால் ஏதாவது செய்ய முடியுமா? நான்காவது கேள்வியை நிபுணர்கள் தனியாக வைப்பார்கள். ஆபத்தின் அளவு வேறு, செயலின் வரிசை வேறு என்பதால். எங்களுக்கு அது நெஞ்சுக்கு நெருக்கமான கேள்வி. வாய்க்காலில் கண்ட உண்மையான நீலோற்பலத்துக்கு விடை: ஊதா அல்லியை மேல்வாய்க்காலில் அகற்றலாம், காணிக்காரர் சம்மதித்தால். பாந்துராத் திட்டுக்கு விடை: அந்தக் காணி பேர்ச் கணக்கில், சிறு வீட்டுத் துண்டுகளாகப் பிரித்து விற்க அளக்கப்பட்டிருந்தது. ஓரமாக வெட்டிய புது வடிகால் ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்தவர்களை விட அந்த வடிகால்தான் பெரிய ஆபத்து என்று இரண்டாம் வறட்சியில் புரிந்தது; மேற்கு ஓரத்துச் செடிகளில் கெண்டி வைக்கவே இல்லை. அதனால் பாந்துராவே முதலாவது. ஆச்சியின் மகன் தன் பங்குக் காணியின் கீழ்ப்பகுதியை விற்பதில்லை என்று சொன்னார். வடிகாலில் மூன்று இடத்தில் மண்மூட்டை வைத்துத் தண்ணீரை மெதுவாக்கினோம், அவருடைய கையாலேயே.

இப்போது அங்கே 31 செடிகள். பெண் செடி ஒன்றே ஒன்று. தாவரவியலாளர் சொல்லிக்கொடுத்தபடி, சென்ற பருவத்தில் அந்த மாணவி, முதல் கேள்வி கேட்டவள், ஓவியத் தூரிகையின் நுனியில் ஆண் பூவின் மஞ்சள் தூளை எடுத்து, எட்டடி தள்ளி இருந்த பெண் பூத்தண்டில் தொட்டுவிட்டாள். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்; போயா விடுமுறைக்கு வந்துவிடுவாள். போன மாதம் போனபோது தண்டில் ஒன்பது காய்கள் பழுப்பாகி, இரண்டு வெடித்திருந்தன. உள்ளே நூல் போன்ற விதைகள், ஊதினால் பறக்கும் எடை. மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிட்டோம். கொப்பியில் அவள் எழுதியிருப்பது: "பெண் 1. காய் 9. வெடித்தது 2. காற்று வடக்கிலிருந்து. அடுத்த முறை வரம்புக்குத் தெற்கே நாற்றுத் தேட வேண்டும்."